வலிக்காது என்று சொல்லாதவர்

முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்ட பிறகுதான் பேசத் தொடங்குவார். தன் வாயை மறைத்துக்கொண்டு அடுத்தவரை வாய் திறக்கச் சொல்வது நியாயமில்லை என்பது அந்தப் பல் டாக்டரம்மாவின் கட்சி. வந்தவரைச் சாய்ப்பதற்கு முன், சக்கர முக்காலியில் அவர் கண்மட்டத்துக்குக் குறுகி உட்காருவார். உயரமான பெண்மணி, முழங்கால்கள் மேசையில் இடிக்கும்.

கருவிகளை அவர் ஒளிப்பதில்லை. எடுத்துக் காட்டுவார். "இது எச்சில உறிஞ்சுறது. கழுதை மாதிரி கத்தும், வேற ஒண்ணும் செய்யாது." அவர் வாயிலிருந்து வராத சொல் ஒன்றுதான்: வலிக்காது. "வலிக்கும். எறும்புன்னு சொல்லமாட்டேன், தேனீ கொட்டினாப்ல இருக்கும். அப்புறம் மரத்துப்போயிடும்." கேட்டுவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு. வரவேற்பு மேசையில் உட்காரும் மூத்த நாத்தனார் தலையில் அடித்துக்கொள்வார்.

"வாய் நிறைய ஒரு பொய் சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

"அடுத்த தடவை வாயே திறக்கமாட்டாங்க அண்ணி."

சென்ற வாரம் ஒரு லாரி ஓட்டுநர் மனைவியோடு வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ். தாடை வீங்கி, வாய் பாதிதான் திறந்தது. வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைக்கும், இன்றே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். ஊசி தேனீபோல் கொட்டும் என்பதையும் வழக்கம்போலச் சொன்னார். பிறகு கை கழுவப் போனார். அந்த இடைவெளியில் மனைவி கணவரின் காதில் ஏதோ சொல்லித் தேற்றினார்.

ஊசி இறங்கியதும் ஓட்டுநர் துள்ளி எழுந்து, கதவுப் பிடியில் கைவைத்துவிட்டார்.

"வலிக்காதுன்னு சொல்லிட்டு இப்படியா குத்துவீங்க?"

"நான் சொல்லலையே அண்ணே."

மனைவி தரையைப் பார்த்தார். "டாக்டர் எல்லாரையும் அப்படித்தான் மிரட்டுவாங்க, உங்களுக்கு வலிக்காத ஊசியாம்னு நான்தான் சொன்னேன். பாரத்தோட மலையேறுற மனுஷன், பல்லுன்னா மட்டும் பின்னால போறாரே."

டாக்டர் தடுக்கவில்லை. முக்காலியைச் சன்னலோரம் தள்ளி வழிவிட்டார். "போறதுன்னா போங்க. மிச்சத்தையும் கேட்டுட்டுப் போங்க. குத்துற வலி முடிஞ்சுது. சீழ் இருக்கறதால முழுசா மரக்காது, கொஞ்சம் தெரியும். தாடையையே பிடிச்சு இழுக்கிறாப்ல இருக்கும். காதுக்குள்ள ஏதோ முறியிற சத்தம் கேக்கும். அதுதான் பயமா இருக்கும். முறியிறது எலும்பு இல்ல."

ஓட்டுநரின் உதடு ஒருபக்கம் கோணியிருந்தது. "சத்தம் எவ்வளவு நேரம்?"

"வண்டி ஒரு வளைவு திரும்புற நேரம்."

"எந்த மாதிரி வளைவு?"

"கொண்டை ஊசி."

"ஊசிப் பேச்ச எடுக்காதீங்க." கதவுப் பிடியை விட்டார். "அதுல நான் முதல் கியர்லதான் போவேன்."

"நானும் மெதுவாத்தான் போவேன்."

நாற்காலியில் வந்து சாய்ந்தார். "இவ வெளியில இருக்கட்டும்," என்றார்.

பல் வந்தது. பஞ்சைக் கடித்தபடி அவர் வெளியே வந்ததும், மனைவி எழுந்து வந்து மெல்லக் கேட்டார், "ரொம்ப வலிச்சுதாங்க?"

பேச முடியாதவர், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எள்ளளவு பிரித்துக் காட்டினார். கையுறையைக் கழற்றியபடி பின்னால் வந்த டாக்டர், அந்த இரண்டு விரல்களையும் பிடித்து இன்னும் கொஞ்சம் அகலமாக்கிவிட்டு உள்ளே போனார்.