தலையணைக்கு அடியில் ஆறு பிஸ்கட்

காலை ஐந்து இருபது. என் தலைமாட்டில் கூடாரத் துணி உள்பக்கமாகப் புடைத்து நகர்ந்தது. வெளியே கரடி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது.

கனடாவில் வேலை பார்க்கும் மகன், துடுப்புப் படகில் ஏற்றி ஏரித் தீவொன்றில் தங்க அழைத்துப் போயிருந்தான். முதல்நாள் மாலையே சொன்னான்: "அம்மா, இங்க கரடி வரும். திங்கற ஐட்டம் எதுவும் டென்ட்ல வேணாம். பேஸ்ட்கூட அந்த மூடி போட்ட சாப்பாட்டுப் பீப்பாய்லதான்."

தலையாட்டினேன். ஆனால் தலையணைக்கு அடியில் ஆறு பிஸ்கட் வைத்திருந்தேன். விடியற்காலையில் எனக்குச் சர்க்கரை இறங்கிவிடும். அது அவனுக்குத் தெரியாது.

துணி மறுபடி புடைத்ததும் தலைமாட்டை விட்டு உருண்டு விலகினேன். பக்கத்துக் கூடாரத்திலிருந்து மகன் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தான். "ஏய், போடா! போடா டேய்!" அவசரத்தில் அவனுக்குத் தமிழ்தான் வந்தது. கரடி நிதானமாகப் புதருக்குள் போனது.

பிறகு என் கூடாரத்துக்குள் வந்து தலையணையைத் தூக்கியவன் பிஸ்கட்டைப் பார்த்தான். "எதுக்கும்மா இது?"

"சுகர் இறங்கிடும்டா."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

கையில் பாத்திரத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஊர் திரும்பி, சேலையூர் வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். பிஸ்கட் இப்போதும் தலைமாட்டில்தான் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்குச் சர்க்கரை அளவைப் பார்த்து மகனுக்கு அனுப்புகிறேன். அங்கே அப்போது முந்தைய நாள் இரவு எட்டரை.