இறக்கையோரம் நின்ற மாப்பிள்ளை

என் அப்பா ஜுரு என்ற ஊரில் பழைய கார்களை வாங்கி விற்பவர். பானெட்டைத் திறந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். சித்தியைப் பெண் கேட்டு வந்தவர், விமான நிலையத்தில் குட்டி விமானங்கள் நிறுத்தும் கொட்டகையில் வேலை என்றதும் அப்பாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. சித்திக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அப்பா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஒரு சனிக்கிழமை அப்பா வேவு பார்க்கக் கிளம்பினார். துணைக்கு நான். பிள்ளைக்கு விமானம் பார்க்க ஆசையாம்! எனக்கு அப்படி ஓர் ஆசை இருந்ததே இல்லை.

நாங்கள் போனபோது ஒரு விமானத்தைக் கையாலேயே பின்பக்கமாகக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"செத்த காடியத்தான் இப்படித் தள்ளுவாங்க," என்று அப்பா என் காதில் சொன்னார். காடி என்றால் அவருக்குக் கார்.

அதைவிட மோசம், மாப்பிள்ளை தள்ளவே இல்லை. இறக்கை எதிலும் இடிக்காமல் பார்த்தபடி அதன் நுனியோரமாகச் சும்மா நடந்தார். எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்தது.

அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. உதவுகிறேன் பேர்வழி என்று விமானத்தின் மூக்குப் பக்கம் போய் அங்கிருந்த காற்றாடியைப் பிடித்துத் தள்ளப் பார்த்தார்.

"கைய எடுங்கண்ணே!"

மாப்பிள்ளை கத்திக்கொண்டே ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்தார். அதே நேரம் இறக்கை நுனி கதவில் மோதிக் கீறிக்கொண்டது. கொட்டகை முதலாளி எல்லார் முன்னாலும் மாப்பிள்ளையைத் திட்டித் தீர்த்தார். அவர் தலைகுனிந்து நின்றார்.

"சுவிட்ச் ஆஃப்னாலும் காத்தாடி சில நேரம் சுத்திரும்ணே," என்று பிறகு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அப்பா நம்பவில்லை.

ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொல்லப்பட்டது. "இறக்கையப் பாத்துக்கிறது ஒன்னுதான் வேலை. அதுவும் ஒழுங்கா செய்யல லா. வேணாம்." காற்றாடி விவகாரம் அப்பாவுக்கு மறந்துபோயிருந்தது.

சித்தி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"இறக்கை இடிச்சப்ப அவரு எங்க நின்னாரு?"

"அப்பாவப் புடிச்சிக்கிட்டு."

"முதலாளிகிட்ட அப்பாவப் பத்தி சொன்னாரா?"

"ஒன்னும் சொல்லல."

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்தில் இருந்த அப்பாவிடம் போய், "கட்டுனா அவரத்தான் கட்டுவேன் மாமா," என்றார்.

ஒரே ஒரு வேலை, அதையும் கோட்டைவிட்ட ஆளுக்காகச் சித்தி ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளையை நான் ஓரக்கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.