மாமா ஹம்மானுக்கு ஒரு சர்க்கரைக் கூம்பு

என் அண்ணன் மஹ்ஜூப் எதை எழுதினாலும் தாளின் அடியில் நான்கு விரல் அகலத்துக்கு இடம் விட்டுவிடுவார். மளிகைச் சீட்டானாலும் அப்படித்தான். சிறையில் முத்திரை குத்த அந்த இடம் வேண்டும். விடாவிட்டால் எழுத்தின் மேலேயே குத்திவிடுவார்கள். ஒன்பது வருடம் உள்ளே இருந்தார். வெளியே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அதற்கு முன் ஸலாவில் தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். சின்னப் பத்திரிகைகளில் கதை எழுதுவார். செஃப்ரூவில் பூஷ்தா என்று ஒரு பள்ளி ஆசிரியர், அவரும் கதை எழுதுகிறவர். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஒருவர் எழுதியதை மற்றவருக்கு அனுப்புவார்கள், குறை சொல்லிப் பதில் வரும். பிறகு ஒரு துண்டறிக்கைக்காக அண்ணனைப் பிடித்துப் போனார்கள்.

சிறைக்குள் குடும்பத்தாரின் கடிதம் மட்டும்தான் போகும். முதல் பதினாலு மாதம் பூஷ்தாவின் கடிதம் போகவில்லை. அந்தப் பதினாலு மாதமும் அண்ணன் ஒரு வரி எழுதவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக மற்றக் கைதிகளின் வீட்டார் சொன்னார்கள். கடைசியில் உம்மா சிறை அலுவலகத்துக்குப் போய், "என் மகளுக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை" என்று பூஷ்தாவைப் பதிவு செய்துவிட்டு வந்தாள். அந்த மகள் நான். அப்போது பதினெட்டு வயது, ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன் ஒரு நாவல் தொடங்கினார். கடிதத்தில் அது குடும்பச் செய்தியாகப் போகும். கதையில் வருகிறவர்கள் எல்லாம் சித்தி, மாமா, மச்சான் ஆனார்கள். அவர் எழுதுவது முதலில் எங்கள் வீட்டுக்கு வரும். நான் படித்துவிட்டு, வேறு உறையில் போட்டு செஃப்ரூவுக்கு அனுப்புவேன். மாமா ஹம்மான் என்று ஒருவர் அதில் வருவார். கிணற்றடியில் நின்று ஊரையே வம்புக்கு இழுப்பார். ஒரு வசந்த காலத்தில் அவர் இறந்துபோனார். பூஷ்தா சிறைக்குப் பதில் எழுதினார்: "மாமா இவ்வளவு சீக்கிரம் போயிருக்கக் கூடாது. அவர் இல்லாமல் வீட்டில் பேச்சே இல்லை."

அடுத்த செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக் கூடையைச் சோதனைக்கு வைத்தோம். கடிதங்களைப் படித்து முத்திரை குத்துகிற அல்லால் எங்களைத் தனியே கூப்பிட்டு, உம்மாவிடம் மரியாதையாகப் பேசினார்.

"லல்லா தாமு, உங்க தம்பி சங்கதி படிச்சேன். அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையக் குடுக்கட்டும்."

உம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது. ஆனால் துக்கம் கேட்கிறவரிடம் யார் இறந்தது என்று எப்படிக் கேட்பது?

"உங்களுக்கு நீண்ட ஆயுசக் குடுக்கட்டும், சீதி அல்லால்," என்றாள்.

"அந்தக் கிணத்தடிச் சண்டைய நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது. அதுக்குள்ள போயிட்டாரே மனுசன்."

எனக்குப் புரிந்துவிட்டது. உம்மாவின் முழங்கையை அழுத்தினேன். அல்லால் மேசைக்கு அடியிலிருந்து நீலத் தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பை எடுத்து நீட்டினார். துக்கத்துக்கு வெறுங்கையோடு யாரும் போவதில்லை. அவரால் எங்கள் வீட்டுக்கு வர முடியாது. உம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பார்வையாளர் கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் வந்து நின்றதும் உம்மா கேட்டாள்.

"யாருடா அந்த ஹம்மான்?"

"கதையில வர்ற ஆளு, உம்மா."

"என் தம்பியாமே. மௌத்தாயிட்டானாமே. அல்லால் சர்க்கரை குடுத்திருக்காரு."

அண்ணன் சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "பூஷ்தா சொல்றது சரிதான். அவர் போனதும் கதை படுத்துருச்சு. செய்தி தப்பு, செத்தது வேற ஹம்மான்னு அடுத்த கடிதாசியில எழுதிடப் போறேன்."

"எழுப்பப் போறியோ? எழுப்புறதுக்கு நீ யாரு?"

"தாள்லதானே உம்மா."

"கூடையில இருக்குற சர்க்கரை தாளா? நான் துக்கம் வாங்கிட்டேன். அந்த மனுசன் நாளைக்கு 'தம்பி சௌக்கியமா'ன்னு கேட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? ஒண்ணத் தோண்டினா மாப்பிள்ள கதையும் சேந்து வெளிய வரும். கடிதாசி நின்னுபோகும். அப்புறம் நீ பழையபடி சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரு."

காவலர் நேரம் முடிந்தது என்றார்.

"செத்தவரு செத்தவராவே இருக்கட்டும்," என்றார் அண்ணன்.

அந்தச் சர்க்கரையை வீட்டுத் தேநீரில் போட உம்மாவுக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை கபறுஸ்தானத்துக்கு எடுத்துப் போய், அங்கே குர்ஆன் ஓதுகிறவரிடம் கொடுத்தாள்.

"எந்தக் கபறு, லல்லா?"

"தூரத்துல அடக்கம்."

"பேரு? என்ன உறவு?"

"ஹம்மான். தம்பி."

அவர் ஓதினார். உம்மா ஆமீன் சொன்னாள், நானும் சொன்னேன்.

நடந்ததை நான் பூஷ்தாவுக்கு எழுதினேன். யாருக்காவது நான் எழுதிய முதல் கடிதம் அது. அவர் சிறைக்கு எழுதினார்: "மாமா போனால் என்ன, மாமி இருக்கிறாளே. அவள் ஏன் வாயே திறப்பதில்லை?" அதுவரை ரொட்டி சுட்டுக்கொண்டு மட்டும் இருந்த ஹம்மானின் மனைவி அதன் பிறகு பேச ஆரம்பித்தாள். மிச்ச நாவல் முழுக்க அவள் பேச்சுதான்.

அண்ணன் வெளியே வந்த இரண்டாம் வருடம் புத்தகம் வந்தது. அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஹம்மான் இறக்கிறார். அல்லாலுக்கு நாங்கள் பிரதி கொடுக்கவில்லை.

பூஷ்தா செஃப்ரூவிலேயே கல்யாணம் செய்துகொண்டார். நான் இங்கே ஒரு தச்சரைக் கட்டிக்கொண்டேன். உம்மா இப்போது இல்லை. அண்ணனும் பூஷ்தாவும் நேரில் பார்த்துக்கொண்டது இரண்டே முறை. கடிதம் மட்டும் நிற்கவில்லை. அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அடியில் நான்கு விரல் இடம் விடச் சொல்கிறார். விடுகிறேன்.