ஜாடியின் அடியில் ஒரு மார்க்கு

அந்த வருஷங்களில் நான் களைத்துப் போயிருந்தேன். வியாதி ஒன்றும் இல்லை, வெறும் அலுப்பு. வேலூர் லாங் பஜாரில் மாடியில் எனக்கு வேலைக்கென்று ஒரு அறை, கீழே மிளகாய் மண்டி. நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு மார்க்கு வரைந்து மரக்கட்டையில் வெட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எருமைத் தலை வேண்டும் என்பார்கள், கப்பல் வேண்டும் என்பார்கள், சிங்கத்தை வரைந்து முடித்த பிறகு குதிரைதான் ராசி என்பார்கள். பதனிட்ட தோல் சீமைக்குப் போகிறது. அங்கே ஏலத்தில் எடுக்கிறவனுக்கு ஆளையும் தெரியாது, ஊரையும் தெரியாது, மார்க்கைத்தான் தெரியும். அதனால் முதலாளிகள் மகனுக்குப் பெண் பார்ப்பதைவிட மார்க்கு பார்ப்பதில் அதிகம் மெனக்கெடுவார்கள். எனக்குத் தூக்கத்திலும் எருமைதான் வந்தது.

உள்ளே எது இருந்தாலும் சுற்றி இரண்டு வளையம் உண்டு. தோல் கட்டின் சாக்குத் துணியில் மை இழுத்துக்கொண்டு ஓடும். கப்பல் அழிந்து போனாலும் வட்டமாவது நிற்கட்டும் என்று யாரோ ஒரு காலத்தில் போட்டிருக்க வேண்டும். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எங்கள் தெரு வழியாகக் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போகும் பாரவண்டிகளில் தோல் கட்டுகள் எல்லாவற்றிலும் இரட்டை வளையம் இருக்கும். வண்டி கடக்கும்போது பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஒதுங்குவார்கள். எனக்கு அந்த வாடை தெரிவதே இல்லை.

ஆம்பூரிலிருந்து ஒரு தோல் முதலாளி வீட்டு ஆள் வந்து கூப்பிட்டபோது இன்னொரு எருமை என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால், கூப்பிட்டது முதலாளி இல்லை, காலமாகிவிட்ட அவருடைய அண்ணனின் மனைவி. கோஷா வீடு, பெண்கள் வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டார்கள். முன்கூடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் பச்சைத் திரை. திரைக்குக் கீழே ஒரு கை வந்து ஒரு ஊறுகாய் ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனது. பச்சைக் கண்ணாடிப் பூச்சு, சீரான கழுத்து, கையில் எடுத்தால் நல்ல கனம்.

“இதுக்கு ஒரு மார்க்கு வேணும் மேஸ்திரி,” என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். “எம் பேரு போடக் கூடாது. அவர் பேரும் வேணாம். பாத்தா தோல் ஞாபகம் வரக் கூடாது.”

விஷயம் இதுதான். தோல் விலை விழுந்து, பாலாற்றங்கரையில் அவர்களுடைய ஷெட்டு ஒன்று சும்மா கிடந்தது. கொழுந்தனாரிடம் கேட்டு அதை வாங்கி, தோல் ஊறும் தொட்டிகளை மூடி, சூளை கட்டி, குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு குயவரை அழைத்து வந்து ஜாடி செய்ய ஆரம்பித்திருந்தார் அந்த அம்மாள். கொழுந்தனார் கெட்டவர் இல்லை. அண்ணியைப் பாபி என்றுதான் கூப்பிடுவார். மாங்காய் சீசன் வரைக்கும் பாருங்கள் பாபி, அதற்குள் ஜாடி வீடுகளுக்குப் போகவில்லை என்றால் ஆடியில் திரும்பத் தொட்டி கட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். வியாபாரி அப்படித்தான் சொல்லுவார்.

எதற்கு இந்த வயதில் இத்தனை பேஜார் என்று நான் கேட்டுவிட்டேன். களைப்பில் இருப்பவனுக்கு மரியாதை கொஞ்சம் கம்மி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“நான் கலவைங்கற ஊர்ல பொறந்தவ. எங்க வீட்ல துணி யாவாரம். கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து ஒவ்வொரு சீசனுக்கும் ஊறுகா போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பறேன். ஜாடி திரும்பி வரும். கட்டின துணிகூட அவிழ்க்காம வரும். அம்மா போய்ட்டாங்க, இப்ப தங்கச்சி இருக்கா. அவளும் அப்படித்தான், தோல்காரர் வீட்டு ஊறுகான்னு. வாயால ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மேஸ்திரி. ஜாடி மட்டும் திரும்பி வந்துடும்.”

நான் ஜாடியைத் திருப்பி அடியைப் பார்த்தேன்.

வரைய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எருமை எவ்வளவு சுலபம் என்று. கிளி வரைந்து கொண்டுபோனேன். உயிருள்ளது எதுவும் வேண்டாம் என்றார் அம்மாள். தாமரை வரைந்தேன். அவருக்குச் சம்மதம், குயவர் ஒத்துக்கொள்ளவில்லை. “லட்சுமி ஒக்கார்ற பூவு. அடியில போட்டுத் தரையில தேய்க்கச் சொல்றியா? நான் குத்த மாட்டேன்,” என்று காகிதத்தைத் தொடக்கூட மறுத்தார். பிறை வரைந்தேன். ஜாடியை விற்பதற்கு ஒப்புக்கொண்ட லாங் பஜார் பாத்திரக் கடைக்காரர், பாதி ஊர் வாங்காது என்றார். விளக்கு வரைந்தேன், குயவர் மறுபடியும், விளக்கைக் கவிழ்த்து வைப்பார்களா என்றார். வேலூருக்கும் ஆம்பூருக்குமாக அலைந்து என் செருப்பு தேய்ந்தது. ஒரு தடவை ரயிலில் வரும்போது எல்லாக் காகிதத்தையும் ஜன்னல் வழியே எறிந்துவிடலாமா என்றிருந்தது.

கடைசியில் ஒரு மாங்காய் வரைந்தேன், காம்போடு. மாங்காய்க்கு யாரும் விரோதி இல்லை. துப்பட்டியிலும் உண்டு, பட்டுப்புடவைக் கரையிலும் உண்டு. குயவர் தலையசைத்தார். கடைக்காரர் சிரித்தார். அம்மாள் காகிதத்தைத் திரைக்குள் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா மார்க்கு மாதிரி இல்லியே. சும்மா மாங்கா மாதிரி இருக்கு,” என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. காகிதத்தை வாங்கி, பென்சிலை எடுத்து, யோசிக்காமல் சுற்றி இரண்டு வளையம் போட்டேன். என் கை அதுவாகவே போட்டது.

“ஆங், இப்பதான் மார்க்கு,” என்றார் அம்மாள். குயவரும் ஆமாம் என்றார். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வளையம் இல்லாத மார்க்கை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

சூளையில் மண் சுருங்கும் என்பதால் கட்டையைச் சற்றுப் பெரிதாக வெட்டினேன். பூச்சு ஓடி மூடிவிடாதபடி கோடுகளை அகலமாக இறக்கினேன். ஜாடிகள் வெந்து வந்தபோது ஒவ்வொன்றின் அடியிலும் மாங்காய் பளிச்சென்று இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு நான் செய்த வேலை எனக்கே பிடித்திருந்தது.

பாத்திரக் கடை என் மாடிக்கு நேர் எதிரே. வேலையை வைத்துவிட்டு ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பெண் ஜாடியை எடுத்தாள், தட்டிப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. திருப்பி அடியைப் பார்த்தாள். பிறகு அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்து வந்தவளும் அதையே செய்தாள். திருப்புவதும் மோப்பதும் வைப்பதுமாக அன்று பொழுது போயிற்று.

இறங்கிப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் பொரிந்தார். “இன்னாய்யா இது? ஊறுகா ஜாடிக்குத் தோல் மார்க்கப் போட்டு வச்சிருக்கீங்க. தெனம் வண்டியில பாக்கறாங்க இல்ல? ‘தோல் ஷாப்பு ஜாடியா அண்ணே’ன்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?”

ஜாடியை நானும் எடுத்து மோந்து பார்த்தேன். சுட்ட மண் வாசனைதான். ஆனால் என் மூக்கை நம்பி என்ன பயன்? அடியில் இரண்டு வளையம். மாங்காயை யார் பார்த்தார்கள்?

அம்மாளிடம் சொல்லப் போன அன்று ஆம்பூர் வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், “உங்களுக்கும் தோணல, எனக்கும் தோணல,” என்றார். அவ்வளவுதான். என்மேல் எரிந்து விழுந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்த வளைய ஜாடிகளைத் தோல் ஷாப்புக்காரர்களே தோலுக்குப் பூசும் மீன் எண்ணெய் ஊற்றி வைக்க வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு மார்க்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்குள் மாங்காய் சந்தைக்கு வந்துவிட்டது. புது மார்க்குக்காக மறுபடி எல்லோரும் கூடிப் பேச நேரமும் இல்லை, எனக்குத் தெம்பும் இல்லை. அடுத்த சூளையை மார்க்கே இல்லாமல் ஏற்றினார் குயவர். பூச்சு பூசிய ஜாடியைச் சூளையில் அப்படியே வைத்தால் கீழே ஒட்டிக்கொள்ளும். அதனால் மூன்று முனை உள்ள ஒரு சிறு மண் முக்காலியின் மேல் உட்கார வைப்பார்கள். வெந்த பிறகு தட்டி எடுத்தால் அந்த முனைகள் தொட்ட இடத்தில் மூன்று சொரசொரப்பான புள்ளிகள் நிற்கும். முதல் ஜாடிகளிலும் அவை இருந்தன. நான் அதைக் குறை என்று நினைத்து, என் மாங்காயின் அழகைக் கெடுக்கிறது என்று குயவரிடம் சண்டைகூடப் போட்டிருந்தேன்.

இந்தத் தடவை பெண்கள் திருப்பிப் பார்த்தார்கள். மூன்று புள்ளி இருந்தது. விரலால் தடவினார்கள். வாங்கிக்கொண்டு போனார்கள். சில நாளில் ஒருத்தி வந்து, “பக்கத்து வீட்ல வாங்கினாங்களே, அந்த மூணு புள்ளி ஜாடி குடுங்க,” என்று கேட்டாள். கடைக்காரர் என் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

கடைக்குப் பலகை எழுதச் சொன்னார்கள். வெள்ளைப் பலகையில் மூன்று பச்சைப் புள்ளி வைத்தேன். அவ்வளவுதான் வேலை. காலமெல்லாம் சிங்கத்தின் பிடரி மயிரை ஒவ்வொன்றாக இழுத்தவன், ஜனங்கள் பேர் சொல்லிக் கேட்ட ஒரே மார்க்குக்கு மூன்று பொட்டு வைத்தேன். அதையும் முக்காலி முன்பே வைத்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. வைகாசி கடைசியில் ஆம்பூருக்குப் போனபோது அந்த எரிச்சல் போய்விட்டது.

திரைக்குப் பின்னால் அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். “கலவைக்கு அனுப்பின மூணு புள்ளி ஜாடி திரும்பி வந்துச்சு மேஸ்திரி. காலியா வந்துச்சு. கழுவி அனுப்பியிருக்கா. இன்னொரு வாட்டி போட்டு அனுப்பச் சொல்லியிருக்கா.” திரைக்குக் கீழே அந்தக் கை ஒரு புது ஜாடியைத் தள்ளியது. “இது உங்க வீட்டுக்கு.” நான் சந்தோஷப்பட்டேன், அந்த வருஷங்களில் அது எனக்கு அபூர்வம்.

அன்றுதான் கொழுந்தனாரும் வந்தார். நல்ல மனசோடு, பழக்கூடையோடு வந்தார்.

“பாபி, எங்க போனாலும் மூணு புள்ளி, மூணு புள்ளின்னு பேசறாங்க. ஷெட்டு உங்களுக்கே. இனிமே தொட்டிப் பேச்சே இல்ல. மார்க்கு மட்டும் நம்ம குடும்பத்துக்குப் பொதுவா இருக்கட்டும். தோல் கட்டுக்கும் இதையே போட்டுடலாம்.”

அவருக்கு அது மரியாதை செய்வதுதான். ஓடுகிற மார்க்கைக் குடும்பமே போட்டுக்கொள்வதைவிடப் பெரிய மரியாதை எங்கள் பக்கத்தில் கிடையாது.

“முதலாளி, தோலுக்கு நான் வேற ஒண்ணு வரைஞ்சு தர்றேன். காசு வேணாம்,” என்றேன்.

“வேற எதுக்கு மேஸ்திரி? இதுதான ஓடுது?” என்று என் தோளைத் தட்டினார்.

அம்மாள் மறுத்துவிடுவார் என்று காத்திருந்தேன். ஷெட்டு கொழுந்தனாருடையது, கொடுத்தவரும் அவர். “சரி,” என்று மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

கொழுந்தனார் போன பிறகு, அடுத்த சூளைக்கு முக்காலியை விட்டு வேறு ஏதாவது செய்யலாமா என்று குயவரைக் கேட்கலாம் என்றேன். “புள்ளி இல்லன்னா போலின்னு சொல்லுவாங்க,” என்றார் அம்மாள். பிறகு, “தோலுக்குக் கட்டையை நீங்களே வெட்டிக் குடுத்துடுங்க. நீங்க வெட்டலன்னா வேற யாராவது கோணலா வெட்டுவாங்க,” என்றார். அந்தக் குரலில் இருந்த களைப்பை எனக்கு நன்றாகத் தெரியும். என்னுடையதும் அதுதான்.

வெட்டினேன். மூன்று புள்ளி மட்டும் வெட்டி அனுப்பினேன். தோல் ஷாப்பு ஆள் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தான். “இன்னா மேஸ்திரி, வளையத்த மறந்துட்டீங்களே?” என்றான். புதுக் கட்டை எடுத்து வளையத்தோடு வெட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரமே பாரவண்டிகளில் எங்கள் தெரு வழியாக அது போக ஆரம்பித்தது.

மறு வருஷம் மாங்காய் வந்தது. கலவையிலிருந்து ஜாடி எப்படித் திரும்பி வந்தது என்று ஆம்பூரில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் அம்மாள் கொடுத்த ஜாடி இருந்தது. ஒரு வருஷமாக எங்கள் ஊறுகாய் அதில்தான். என் மனைவி அதைக் கழுவி வெயிலில் காய வைத்து எடுத்து வந்தாள். தட்டில் மாங்காய்த் துண்டுகள் உப்பில் புரண்டு தயாராக இருந்தன. அவள் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பி அடியைப் பார்த்தாள். பிறகு நிமிர்த்தி, அதன் வாயில் மூக்கை வைத்தாள்.

“இன்னா பாக்கற?” என்றேன்.

“ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்.”

ஜாடியை ஓரமாக வைத்தாள். பரண்மேல் பழைய பானை ஒன்று இருக்கிறது, எடுத்துத் தாருங்கள் என்றாள். ஏறி எடுத்துக் கொடுத்தேன்.