சகலை பொருத்திக் கொடுத்த விளக்கு

என் சகலை வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் நிறைகிறதாம். அவருடைய அலுவலகத்தில் பாராட்டு மலர் போடுகிறார்கள். "நீங்க நெருங்கின சொந்தம், ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்று என்னைக் கேட்டார்கள். கேட்டவருக்கு விவரம் தெரியாது. அந்த மனுஷனைப் பார்த்து நான் வயிறெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாரும் எரிந்திருக்க மாட்டார்கள். இது மலருக்குப் போகாது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அவர் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். குடிநீர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் 'பொறுங்க'. யாருடைய மெஷின் உறைந்துபோனாலும் வருவார். திரையைப் பார்க்கவே மாட்டார். குனிந்து, கீழே இருக்கும் பெட்டியின் முகப்பில் உள்ள சின்ன விளக்கைத்தான் பார்ப்பார். அது மினுக்கிக்கொண்டிருந்தால், "பொறுங்க, உள்ள எழுதிக்கிட்டிருக்கு, இப்ப அணைச்சா ஃபைல் போயிடும்" என்பார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் மகளுக்குப் பல் முளைத்த கதையைச் சொல்லுவார். விளக்கு அணைந்த பிறகும் மனசுக்குள் அறுபது எண்ணுவார். அதற்கப்புறம்தான் பொத்தானில் விரல் படும். அந்த அலுவலகத்தில் ஒரு வரைபடம்கூடத் தொலைந்ததில்லை. வரைபடக்காரர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

நான் கம்ப்யூட்டர் விற்கிற கடையில் இருக்கிறேன். சகலைகள் இரண்டு பேருக்கும் ஒரே துறை என்றால் மாமியார் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "மூத்த மாப்பிள்ளை வந்துட்டுப் போனா வீட்டுல எதுவும் ரிப்பேர் ஆகுறதில்ல" என்பார் மாமியார், என் முகத்துக்கு நேராகவே. நான் வந்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல மாட்டார்.

போன வருஷம் என் மனைவிக்குப் புது மெஷின் வாங்கினேன். கருகருவென்று வழவழப்பான பெட்டி, முன்பக்கம் ஒரு பொத்தான் மட்டும். சகலை வந்தார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"லைட்டக் காணோமே சகலை?"

"இப்ப யாருங்க லைட் வைக்கிறாங்க? டிஸ்க்குல சுத்துற பாகமே கிடையாது. என்ன நடக்குதுன்னு ஸ்கிரீனே சொல்லுது."

"சரிதான். அந்த ஸ்கிரீனே நின்னுபோச்சுன்னா யாரக் கேப்பீங்க?"

"காபி சாப்பிடுறீங்களா?" என்று பேச்சை மாற்றினேன். கடையில் நூறு பேருக்குப் பதில் சொல்கிற வாய்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பொட்டு விளக்கோடு வந்தார். "உள்ள போர்டுல இதுக்கு இடம் இன்னும் விட்டுத்தான் வச்சிருக்கான், பெட்டிக்காரன்தான் மிச்சம் புடிச்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டே, முகப்பில் துளை போட்டுப் பொருத்திவிட்டார். என் மனைவியிடம், "இது மினுக்குற வரைக்கும் பொத்தானத் தொடாத, தாயி" என்றார். அவளும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. அந்த விளக்கு மினுக்கும் போதெல்லாம், அவரே என் வீட்டுக்குள் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கண்ணடிப்பதுபோல் இருந்தது. ஒருநாள் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது, கருப்பு டேப்பில் சுண்டுவிரல் நக அளவு வெட்டி விளக்கின்மேல் ஒட்டிவிட்டேன். கருப்புப் பெட்டியில் கருப்பு டேப், கண்ணுக்கே தெரியவில்லை. அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அவள் அப்போது செவிலியர் பயிற்சிப் புத்தகம் ஒன்றுக்கு எலும்புப் படங்கள் வரைந்துகொண்டிருந்தாள். மொத்தம் நாற்பத்தொன்று, எல்லாம் ஒரே கோப்பில். அவள் பெயர் மட்டும் தனியாக அச்சில் வரப்போகிற முதல் புத்தகம். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை மத்தியானம், கடைசிப் படத்தை முடித்துச் சேமிக்கக் கொடுத்ததும் திரை அப்படியே உறைந்துபோனது.

அவள் குனிந்து பார்த்தாள். "லைட் எரியலீங்க. உள்ள ஒண்ணும் நடக்கல போல. அத்தானுக்கு ஒரு போன் போடவா?"

விளக்கு ஏன் எரியவில்லை என்று எனக்குத் தெரியும். டேப்பை உரித்துப் பார்க்க ஒரு நொடி போதும். உரித்தால் ஒட்டியது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதோடு, அந்த 'அத்தானுக்கு' வேறு காதில் விழுந்து தொலைத்தது.

"எதுக்கு அவரு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினேன். மெஷின் அணைகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை.

திரும்பப் போட்டபோது கோப்பு திறக்கவே இல்லை. மூன்று வாரத்துக்கு முன் எடுத்து வைத்த நகலில் முப்பது படம் இருந்தது. பதினொன்று போயிற்று. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை. அக்காவுக்குப் போன் பண்ணினாள். அரை மணி நேரத்தில் சகலை பையோடு வந்து நின்றார்.

எதையெதையோ போட்டுப் பார்த்தார், கோப்பு வரவில்லை. பதிப்பகத்துக்குப் பேசினாள். மிச்சத்தை வேறு ஓவியரிடம் கொடுத்துவிடுவதாகவும், உள்பக்கத்தில் இரண்டு பேர் பெயரும் வரும் என்றும் சொல்லிவிட்டார்கள். அவள் போனை வைத்த நேரத்தில் சகலை பெட்டியின் முகப்பைத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. நகத்தால் டேப்பைக் கிள்ளி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"லைட்டுக்குப் போற ஒயரு கழண்டிருக்கு. நான்தான் சரியா மாட்டல. என் தப்பு, தாயி. மன்னிச்சுக்க" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பார்வையில் அவர்மேல் வருத்தம் இருந்தது. எதற்காக நான் கோயில் கோயிலாக வேண்டிக்கொள்ளாத குறையாகக் காத்திருந்தேனோ, அது என் கண்முன்னால் நடந்தது. ஆனால் மனசு நிறையவில்லை, எரிந்தது. பழியை ஏற்றுக்கொள்வதிலும் இந்த மனுஷன் என்னைவிட ஒரு படி மேலே போய் நிற்கிறாரே!

"ஒயரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் டேப் ஒட்டி மறைச்சேன். தெரிஞ்சேதான் அமுக்கினேன்" என்று கத்தினேன். நேர்மையால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நல்ல பெயரும் அவருக்கே போய்ச் சேருவதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சகலை பையை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போனார். அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆச்சு. அத்தானப் பாருங்க, அவர மாதிரி இருங்கன்னு ஒரு தடவையாவது நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன். மாமியார் சொல்லியிருக்கிறார். அவள் அக்கா சொல்லியிருக்கிறார். நானே எனக்குள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் சொன்னதே இல்லை.