நாலு கட்டைக் குரல்

மாலை ஐந்து நாற்பது. கரமனையில் எங்கள் தெருச் சங்கத்தின் மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மேடையில் டிரம்ஸ் மேல் போர்த்தியிருந்த எட்டு முழ வேட்டி. ஜரிகைக் கரை வெளியே தெரியும்படி நேர்த்தியாக விரித்திருந்தார்கள். 2001-ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஓர் ஆங்கில நாளிதழில் நிருபராக இருந்தேன். சங்கத்தின் ஆண்டு விழாவைப் பற்றிச் செய்தி எழுத வந்திருந்தேன்.

வேட்டியைப் போர்த்தியது யார் என்று சங்கச் செயலாளரிடம் கேட்டேன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சிரித்த முகத்தோடுதான் செய்வார்.

"நானாக்கும். கார்த்தால பூஜை நடந்த எடம். பெரியவாளுக்கு அங்கே டிரம்ஸைப் பாத்தா ஒரு மாதிரி இருக்குமோல்லியோ. பாட்டு தொடங்கறச்சே எடுத்துடலாம்."

அன்று பாட வந்தவள் அடுத்த தெருப் பெண். அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது எர்ணாகுளத்துக் கேசட் கம்பெனி ஒன்று மலையாள ஆல்பத்தில் பாட வைத்தது. பொன்முடி மூடுபனிக்குள் மஞ்சள் குடையோடு அவள் ஓடிவரும் பாட்டு, கேபிள் சேனல்களில் ஓயாமல் ஓடியது. ஓணப் பந்தல்களிலும் ஜூஸ் கடைகளிலும் அதுதான். ஊரே அவளை மஞ்சள் குடைப் பெண் என்றது. கீச்சென்ற, கொஞ்சும் குரல். அதே அச்சில் இன்னும் இரண்டு ஆல்பங்கள் வந்தன. பிறகு இரண்டு வருடம் அவளைப் பற்றிப் பேச்சில்லை.

அந்த இரண்டு வருடமும் அவள் சாலைக் கடைத்தெருவில், ஓர் இரும்புக்கடையின் மாடிக் கிடங்கில் பாடிக்கொண்டிருந்தாள். கடைக்காரரின் மகன் டிரம்ஸ் வாசிப்பான். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். அவனோடு கிதார் வாசிக்க இருவர். பாட்டுகளை அவளே எழுதினாள், தமிழில் சில, மலையாளத்தில் சில. எல்லாம் ராக். ஒருமுறை கேட்கப் போயிருந்தேன். குடைப் பாட்டில் கேட்ட குரல் அங்கே இல்லை. கனத்து, கீழே இறங்கி, சொற்களை அவசரப்படாமல் எடுத்துவைக்கும் ஒரு பெண்ணின் குரல் இருந்தது. எதனால் இந்த மாற்றம் என்று கேட்டேன்.

"மாறலை அக்கா. கம்பெனிக்காரா என்னை ஆறு கட்டையிலே நிறுத்தி வெச்சிருந்தா. கொஞ்சு, இன்னும் கொஞ்சுன்னு. எனக்கு நாலுதான் சுகம். பேசற எடத்திலேயே இப்போ பாடறேன், அவ்வளவுதான்."

கட்டை என்பது சுருதியின் அளவு. ஹார்மோனியத்தின் கட்டைகளை வைத்து எண்ணுவது. எங்கள் தெருக்களில் சங்கீதம் கற்காதவர்களுக்கும் அது அத்துப்படி. ஐந்தரையில் பாடிவந்த ஒரு பாடகி ஐந்துக்கு இறங்கிவிட்டால் மறுநாள் காலைக் காபியோடு அதுதான் பேச்சு. இறங்கினால் வயதாகிவிட்டது, அல்லது தொண்டை கெட்டுவிட்டது. ஒருத்தி தானாக விரும்பி இறங்குவாள் என்பது அவர்கள் கணக்கில் கிடையாது.

அந்த ஞாயிறு அவளுக்கு ஓர் ஒத்திகை. அடுத்த சனிக்கிழமை ஒரு பொறியியல் கல்லூரி விழாவில் இதே பாட்டுகளைப் பாட வேண்டும். அவளைக் கேட்பதற்காகவே பெங்களூரிலிருந்து ஒரு ரெக்கார்டிங் கம்பெனிக்காரர் அங்கே வருவதாக இருந்தது. புதுப் பாட்டுகளை வெளியிடலாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர். மற்றவர்கள் எல்லாரும் இன்னொரு குடைப் பாட்டு இருக்கிறதா என்று மட்டுமே கேட்டிருந்தார்கள்.

ஆறே காலுக்கு வேட்டியை எடுத்தார்கள். முதல் பாட்டைத் தொடங்கினாள். அரை நிமிடம் ஆகியிருக்காது, முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணை மூடி, தொடையில் விரல் வைத்துக் கட்டையை எண்ணிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். நான் ஓரத்தில் நின்றிருந்தேன். வரிசை முழுவதும் அந்தச் சொல் நகர்ந்து வந்தது.

"நாலு."

"நாலா? ஆறிலேன்னா பாடிண்டிருந்தா."

"நாலாக்கும். போச்சு, பாவம்."

இரண்டாவது வரிசைக்கும் மூன்றாவது வரிசைக்கும் அது போனது. பாட்டின் சொற்களை அங்கே யாரும் கேட்கவில்லை. அவள் வாடகை வீடு தேடும் ஒரு பெண்ணைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தாள், நன்றாகவும் பாடினாள். பின்வரிசைகளில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் தலையாட்டிக் கேட்டார்கள். முன்னால் இருந்த முகங்களிலோ ஆஸ்பத்திரி வார்டில் நிற்பவர்களின் பார்வை வந்திருந்தது.

இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு மாமி பிளாஸ்க்கோடு மேடையேறினார். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால். மூடியில் ஊற்றி ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தார். டிரம்ஸ் வாசிப்பவன் குச்சியைக் கீழே போட்டு எழுந்து வந்து அதை எடுத்தான்.

"யம்மா, இதுல கரண்டு ஓடுது. பால் கொட்டுச்சுன்னா தொண்ட இல்ல, ஆளே போயிரும்."

சபை சிரித்தது. அந்தச் சிரிப்போடு பாட்டு நின்றுபோனது. செயலாளர் அந்த இடைவெளியில் மேடையேறி, அவளுக்கு முன்னாலிருந்த மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் குரல் தழுதழுத்தது. நடிக்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் கோபத்தைக் கூட்டியதும் அதுதான்.

"நம்ம குழந்தைக்குத் தொண்டை சரியில்லை. இருந்தாலும் நம்மளை ஏமாத்தப்படாதுன்னு வந்திருக்கா. அவளுக்காக எல்லாரும் எழுந்து நின்னு, ஒரு நிமிஷம் பகவானை வேண்டிக்கணும்."

முந்நூறு பேர் இருக்கும். எழுந்து நின்றார்கள். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிதார் தோளில் தொங்க அவளும் நின்றாள். பிரார்த்தனை முடிந்ததும் சொன்னாள், "மாமா, என் தொண்டைக்கு ஒண்ணுமில்லை." மைக் அவர் கையில் இருந்ததால் முதல் வரிசைக்கு மட்டுமே அது கேட்டது.

"தெரியறதும்மா, தெரியறது. நீ சிரமப்படாதே. குடைப் பாட்டுக் கேசட் போடறோம், வாயசைச்சாப் போறும். பசங்கள்ளாம் அதுக்குத்தானே வந்திருக்கு."

டிரம்ஸ்காரன் முன்னால் வந்தான். "சாமி, இவளுக்குத் தொண்ட நல்லாத்தான் இருக்கு. டாக்டர்ட்ட காட்ட வேண்டியது ஒங்க காத."

அவனை யாரோ தோளைப் பிடித்து இறக்கினார்கள். நான் மேடையின் படிக்கட்டு வரை போய், மைக்கை அவளிடம் கொடுங்கள் என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் குனிந்து, சிரித்தபடியே சொன்னார்.

"நீ பத்திரிகைக்காரி. நல்லதா ரெண்டு வரி எழுது. நாளைக்கு அதுக்கு ஒரு கல்யாணம் ஆகணுமே."

கேசட் ஓடியது. பதினாறு வயதுக் குரல் ஆறு கட்டையில் ஸ்பீக்கரிலிருந்து கொஞ்சியது. குழந்தைகள் மேடைக்கு முன்னால் வந்து குதித்தார்கள். பெரியவர்கள் தாளம் போட்டார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண் மைக் இல்லாத ஸ்டாண்டுக்குப் பின்னால், உதட்டை இறுக மூடிக்கொண்டு, பாட்டு முடியும் வரை நின்றாள். ஒரு சொல்லுக்குக்கூட வாயசைக்கவில்லை. முடிந்ததும் பலத்த கைதட்டல்.

பின்கட்டில் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவளிடம், அப்போதே இறங்கிப் போயிருக்கலாமே என்றேன்.

"எறங்கிப் போயிருந்தா நெஜமாவே முடியலைன்னு ஆயிருக்கும் அக்கா. நின்னாலாவது, பாடமாட்டேன்னு நிக்கறான்னு ஒருத்தருக்காவது புரியுமேன்னு பாத்தேன்."

புரிந்ததாகத் தெரியவில்லை. வைது வாயடைப்பவர்களை வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பதில் சொல்ல முடியும். எழுந்து நின்று பிரார்த்தனை செய்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

அலுவலகம் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். சொந்தமாக எழுதிய இரண்டு பாட்டுகளைப் பாடினாள், இரண்டாவது பாட்டின் பாதியில் மைக் எடுக்கப்பட்டது, தன் தொண்டைக்கு ஒன்றுமில்லை என்று மேடையிலேயே சொன்னாள். மூன்று பத்தி. திங்கட்கிழமை காலைப் பத்திரிகையில் ஒரு பத்திதான் இருந்தது. பாடகிக்குத் தொண்டைக் கோளாறு, நிகழ்ச்சி பாதியில் நின்றது, ரசிகர்கள் பிரார்த்தனை.

தலைமை உதவி ஆசிரியர் மலையாளி, செயலாளருக்கு வங்கிக் காலத்து நண்பர். செயலாளர் இரவு போன் செய்து பெருந்தன்மையோடு விவரம் கொடுத்தாராம். சபையில் இருந்தது நான், போனில் சொன்னவர் மைக்கைப் பறித்தவர் என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"எந்தினாடோ இங்ஙனே சூடாவுன்னது? அவள்க்கு ஸிம்பதி கிட்டில்லே?"

எதற்கு இப்படிக் கொதிக்கிறாய், அவளுக்கு அனுதாபம் கிடைக்குமே என்று கேட்டார். அனுதாபம் வேண்டும் என்று அவள் எப்போது கேட்டாள் என்றேன். மேஜையிலிருந்த தாளை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை கல்லூரி மாணவர் சங்கத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது. பத்திரிகையில் பார்த்தார்களாம். "சேச்சி நல்லா ரெஸ்ட் எடுக்கு. அடுத்த கொல்லம் நோக்காம்." அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னதும் அன்போடுதான். போனிலேயே நாலு வரி பாடிக் காட்டினாளாம். எதிர்முனையில் இருந்தவன், சேச்சி கஷ்டப்பட வேண்டாம் என்று கெஞ்சினானாம். பெங்களூர்க்காரரின் எண்ணுக்கு நானே போன் செய்தேன். உடம்பு சரியானதும் சொல்லச் சொல்லுங்கள் என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். பத்திரிகையில் வந்திருக்கிறதே என்றார். அந்தப் பத்திரிகையிலிருந்துதான் பேசுகிறேன் என்றேன். அப்படியானால் எழுத்தில் வரட்டும் என்றார்.

திருத்தம் வெளியிடச் சொல்லி நாலு நாள் சண்டை போட்டேன். இடமில்லை என்றார்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்குத் திருத்தமா என்றார்கள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்த பிறகு ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை கல்லூரியில் வேறொரு பெண் பாடினாள். அந்தப் பெண்ணையும் குடைப் பாட்டைப் பாட வைத்தார்களாம்.

திருத்தம் ஞாயிற்றுக்கிழமை ஏழாம் பக்கத்தில், இரங்கல் விளம்பரங்களுக்குக் கீழே, மூன்று வரியாக வந்தது. அவள் பெயர் தவறாக அச்சாகியிருந்தது.