ரோஸியின் இடம்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஜான்சன் கிதாரைத் தொடுவார். பட்டினப்பாக்கத்துப் புழுக்கத்தில் மனுஷனுக்கு வியர்த்து ஊற்றும். பனியன் நுனியால் கிதாரைத் துடைப்பாரே தவிர நெற்றியைத் துடைக்க மாட்டார். விசிறி ஓடினால் என்னவாம் என்று கேட்டால், "சத்தத்துல கேக்காம பூடும்" என்பார். எது என்று சொல்ல மாட்டார். மனைவி ரோஸி மீன் விற்றுவிட்டு வந்து சமையலறையில் மிக்ஸியை ஓட்டினால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

வாசிப்பது ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் துக்கப் பாட்டு. குரல் ஒரு வரி பாடி நிறுத்தும். கிதார் அதற்குப் பதில் சொல்லும். இந்த வீட்டில்தான் பாட ஆள் இல்லையே! ஆனாலும் குரல் வரவேண்டிய இடத்தில் ஜான்சன் கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு காத்திருப்பார். பிறகு இரண்டு சுரமோ மூன்று சுரமோ, அவ்வளவுதான். கம்பியை விரலால் ஓரமாகத் தள்ளுவார். அழப்போகிற குழந்தையின் உதடு போல அது நெளியும்.

பழைய குழுவில் டிரம்ஸ் வாசித்த ஷரஃபுதீன் எப்போதாவது வந்தால் கிண்டலுக்குக் குறைச்சல் இருக்காது. "உன் கையி இன்னா ஸ்பீடா போவும்! இப்ப பாதில நின்னு மோட்டுவளையைப் பாத்துக்கினு கீறியே மச்சி."

"அது ரோஸி எடம்" என்பார் ஜான்சன்.

அந்த வேகம்தான் குடியைக் கெடுத்தது. அப்போது குழுவில் பாடியது ரோஸிதான். அடையாறில் ஒரு மண்டபத்தில் கச்சேரி. கடலுக்குப் போய்த் திரும்பி வராத அப்பாவைப் பற்றி ரோஸியே கட்டிய பாட்டு. பாதியில் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வரி மறந்துவிட்டது என்று நினைத்தார் நம் மகாராசன். மானத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று சுரங்களைச் சரமாரியாகக் கொட்டினார். ஜனம் விசிலடித்துக் கைதட்டியது. வாயெல்லாம் பல்லாக அவளைத் திரும்பிப் பார்த்தால், அவள் மைக்கை நாற்காலிமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் வரும்போது ஒரே ஒரு தடவை சொன்னாள்: "எங்கப்பனை நெனச்சு அழுவ ஒரு எடம் உட்டேன். அத்தையும் நீயே எடுத்துக்கினியே."

அதோடு சரி. மாதா கோயிலில்கூட உதட்டைத்தான் அசைப்பாள், குரல் வராது. சண்டை கிடையாது, சாப்பாட்டில் குறை கிடையாது. குழம்பில் அவருக்குப் பிடித்த மீன்தலை அவர் தட்டில்தான் விழும். அதுதான் ஜான்சனுக்கு ஆறவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பார். மன்னிப்புக் கேட்கப் போனால், "இன்னாத்துக்கு? சோத்தைத் துன்னு" என்று எழுந்து போய்விடுவாள். அந்தப் பாட்டை அவள் ஒரு தடவை பாடி முடித்துவிட்டால் போதும், கிதாரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடலாம் என்றிருக்கிறார். அதற்காகத்தான் தினமும் அதே பாட்டு.

நேற்றும் விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். சமையலறையில் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குத் தொண்டை அடைத்த அந்த வரிக்கு வந்ததும், வழக்கம்போலக் கம்பிகளை உள்ளங்கையால் மூடினார்.

மிக்ஸி நின்றது.

பாட்டு வரவில்லை. சமையலறையிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கிதார் பதில் சொல்லவேண்டிய நேரம் வந்தது, போயிற்று. ஜான்சன் கம்பிகள்மேலிருந்து கையை எடுக்கவில்லை.